ரெண்டு பச்சைக்கு நடுவே ஒரு கிளி

“ஏலே, இதுல எந்தப் பச்சையத் தொடணும்?”

அம்மா போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கீழ் வரிசையில் ஒரு பச்சை, அதற்குள் வெள்ளையாய் ஒரு ரிசீவர். அதற்கு மேல் வரிசையில் இன்னொரு பச்சை, அதற்குள்ளும் வெள்ளையாய் ஒரு ரிசீவர். இரண்டாவதைச் சுற்றி மட்டும் ஒரு குமிழ். முதலாவது சாதாரண போன், இரண்டாவது வாட்ஸ்அப். எழுபத்து மூன்று வயதில், ஒரு கண்ணில் புரை எடுத்தவளுக்கு அந்தக் குமிழ் எங்கே தெரியப்போகிறது? ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கீழே பொடி எழுத்தில் இருக்கும் இங்கிலீஷ் பெயர் அவளைப் பொறுத்தவரை இல்லாத பெயர்.

நான் கோவில்பட்டியில் போர்டு எழுதுகிறவன். முப்பது வருஷம் எனாமல் பெயின்டும் பிரஷுமாய் ஓடியது. பிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ் ஓய்ந்து, வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டிப் பிழைக்கிறேன். ஆனாலும் கண் மட்டும் பழைய கண்தான். அம்மா காட்டியதைப் பார்த்ததும் மனதில் முதலில் வந்தது இதுதான்: இந்த ரெண்டு போர்டையும் எழுதினவன் பக்கத்துக் கடை போர்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குத்தான் போனில் உள்ள ஐகான்களை நம் இஷ்டத்துக்கு மாற்றலாமா என்று தேட ஆரம்பித்தேன். மாற்றலாம். ஆனால் எதற்காக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அது உதவியாகவும் ஆகும், உபத்திரவமாகவும் ஆகும். இரண்டையும் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

கட்டம் போட்ட கைகள்

சின்னப் படத்தை வைத்து பெரிய சுவரில் வரைய வேண்டுமென்றால் நாங்கள் கட்டம் போடுவோம். படத்தின் மேல் பென்சிலால் சின்னக் கட்டம், சுவரில் நூலடித்துப் பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டமாய் நிரப்பினால் படம் தானாய் எழும்பி வரும்.

கம்ப்யூட்டர் ஐகானும் அப்படித்தான் பிறந்திருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனம் 1981இல் விற்பனைக்கு விட்ட ‘ஸ்டார்’ கம்ப்யூட்டரில்தான் கோப்பு, அலமாரி, தபால் கூடை எல்லாம் படமாகத் திரையில் வந்து உட்கார்ந்தன. பிறகு 1984இல் ஆப்பிளின் மக்கின்டாஷ் வந்தது. அதற்கு ஐகான் வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை, கலை படித்தவர். கிராஃப் தாள் நோட்டு ஒன்றை எடுத்து, குறுக்கே 32, நெடுக்கே 32 என்று 1,024 கட்டங்களுக்குள் குப்பைத் தொட்டியையும் பெயின்ட் வாளியையும் வரைந்தார். கட்டத்தைக் கறுப்பாக்கலாம் அல்லது வெள்ளையாகவே விடலாம். வேறு வண்ணமே கிடையாது. அந்த நோட்டுப் பக்கங்களின் படத்தைப் பார்த்தபோது, பெரிய கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாரோ ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டைச் சந்தித்த மாதிரி இருந்தது எனக்கு.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 1951-52 பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும் என்று வேட்பாளருக்கு ஒரு சின்னம் கொடுத்தார்கள். அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன் மேல் அவர் சின்னம். பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். யோசித்துப் பாருங்கள், வரிசையாய்ப் பெட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். இன்றைய போன் திரையும் அதேதானே! தேர்தல் காலத்தில் சுவருக்கு வெள்ளையடித்து நான் வரையாத சின்னம் இல்லை. முதலில் சின்னம், பிறகுதான் வேட்பாளர் பெயர். பெயர் எழுத இடம் போதாவிட்டால் கட்சிக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சின்னத்தில் ஒரு இலை கோணலாகிவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.

ஓரம் விட்டு அடிப்பது

ஒரே ஆப், என் போனில் வட்டமாகவும் மகள் போனில் மூலை மழுங்கிய சதுரமாகவும் தெரிகிறதே, எப்படி? 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 செய்த வேலை அது. அதற்குமுன் ஒவ்வொரு ஆப்பும் தன் இஷ்டத்துக்கு ஒரு வடிவத்தில் வந்து நிற்கும். இப்போது ஆப் செய்கிறவர்கள் பின்னணி ஒன்று, முன்படம் ஒன்று என்று இரண்டு அடுக்காகக் கொடுக்கிறார்கள். அளவு 108க்கு 108. அதில் நடுவில் உள்ள 72 அளவுதான் கண்ணுக்குத் தெரியும். சுற்றியுள்ளதை போன் தன் வடிவத்துக்கு ஏற்ப மறைத்துக்கொள்ளும். ஸ்டிக்கர் அடிக்கும்போது வெட்டுக் கோட்டுக்கு வெளியே நாங்கள் கொஞ்சம் நிறத்தை ஓட விடுவோம், வெட்டு நகர்ந்தாலும் வெள்ளை தெரியாது. அதே தந்திரம்.

2021இல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது இன்னொரு வசதி சேர்ந்தது. வால்பேப்பரில் என்ன நிறமோ அதே நிறச் சாயலுக்கு கூகுள் ஆப்களின் ஐகான்களும் மாறும். அடுத்த வருஷம், ஆண்ட்ராய்டு 13இல், மற்ற நிறுவனங்களின் ஆப்களும் ஒற்றை நிறப் படம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் அவையும் இந்த வரிசையில் வந்துவிடும் என்றார்கள்.

என் மகளுக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. “ப்பா, உன் போன் சந்தைக்கடை மாதிரி இருக்கு, குடு” என்று வாங்கி, பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சாம்பல் நீலமாக்கிக் கையில் தந்தாள். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் பெட்ரோல் பங்கில் நூறு ரூபாய்க்கு அடித்துவிட்டு, பணம் அனுப்பும் ஆப்பின் ஊதாவைத் தேடுகிறேன், ஊதா இல்லை. எல்லாம் நீலம். அவசரத்தில் கேஸ் புக்கிங் ஆப்பைத் திறந்தேன், அதை மூடி நியூஸ் ஆப்பைத் திறந்தேன். பின்னால் லோடு ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்துவிட்டார். “அண்ணாச்சி, காசா குடுத்துட்டுப் போங்களேன்” என்றான் பங்குப் பையன்.

போர்டுத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஓடுகிற பஸ்ஸில் இருந்து ஒருவன் கடையைத் தேடினால், முதலில் அவன் கண்ணில் படுவது நிறம், அடுத்து வடிவம், கடைசியில்தான் எழுத்து. நிறத்தைப் பிடுங்கிவிட்டால் மீதிப் பாரம் முழுக்க வடிவத்தின் தலையில் விழும். இன்றைய ஐகான்கள் பலவற்றுக்கு அந்தப் பாரத்தைத் தாங்கும் வடிவம் இல்லை. 2020இல் கூகுள் தன் ஜிமெயில், காலண்டர், டிரைவ், மீட் எல்லாவற்றுக்கும் ஒரே நான்கு நிறத்தைப் பூசியபோது, எது எதுவென்று தெரியவில்லை என்று உலகம் முழுக்க ஆட்கள் முணுமுணுத்தது இதனால்தான். ஒரே முதலாளியின் நாலு கடை என்று ஊருக்குத் தெரிந்தது. மருந்துக் கடை எது, மளிகைக் கடை எது என்று தெரியவில்லை.

மாற்றுவது எப்படி?

ஆண்ட்ராய்டில் ஹோம் ஸ்கிரீன் என்பதே ஒரு ஆப்தான். லாஞ்சர் என்று பெயர். அதனால்தான் அதில் இவ்வளவு தாராளம்.

முதலில் போனிலேயே இருக்கும் வசதியைப் பாருங்கள். காலி இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ‘வால்பேப்பர் அண்ட் ஸ்டைல்’ என்றோ, ‘தீம்ஸ்’ என்றோ, ‘ஐகான்ஸ்’ என்றோ கம்பெனிக்கு ஒரு பெயரில் வரும். ஐகானின் வடிவம், அளவு, கீழே உள்ள பெயரின் எழுத்து அளவு வரை பல போன்களில் அங்கேயே மாற்றலாம். சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு ‘குட் லாக்’ என்ற ஆப்புக்குள் ‘தீம் பார்க்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது, அது நல்ல பட்டறை.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் வேறு லாஞ்சரும் ஐகான் பேக்கும் கிடைக்கும். ஐகான் பேக் என்பது நூற்றுக்கணக்கான ஆப்களுக்கு ஒரே கை வரைந்த படங்களின் கட்டு. சில லாஞ்சர்களில் ஒரே ஒரு ஐகானை மட்டும் அழுத்திப் பிடித்து, ‘எடிட்’ கொடுத்து, கேலரியில் உள்ள எந்தப் படத்தையும் அதற்கு வைக்கலாம். என் தேவைக்கு இதுதான் சாவி.

ஐபோன் வெகுகாலம் நம் கையைக் கட்டித்தான் வைத்திருந்தது. 2017இல், ஆப் செய்தவரே இரண்டு மூன்று ஐகான் கொடுத்தால் அதில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டார்கள். டெலிகிராமில் அப்படி இருக்கிறது. 2020இல் ஐஓஎஸ் 14 வந்தபோது ஜனங்கள் ‘ஷார்ட்கட்ஸ்’ ஆப்பில் ஒரு கொல்லைப்புற வழியைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் பிளஸ் குறியைத் தொட்டு, ‘ஓபன் ஆப்’ என்பதைச் சேர்த்து, எந்த ஆப் என்று காட்ட வேண்டும். பிறகு ‘ஆட் டு ஹோம் ஸ்கிரீன்’ கொடுக்கும்போது அங்கே தெரியும் ஐகானைத் தொட்டால் நம் போட்டோவை வைக்கலாம். பழைய ஐகானை ஹோம் ஸ்கிரீனில் இருந்து மட்டும் எடுக்க வேண்டும், ‘டெலீட் ஆப்’ கொடுத்துவிடக் கூடாது. இந்த வழியில் ஒரு குறை உண்டு: எத்தனை மெசேஜ் வந்திருக்கிறது என்று மூலையில் காட்டும் சிவப்பு எண், நாம் வைத்த படத்தின் மேல் வராது. அது ஆப் இல்லை, ஆப்பைத் திறக்கும் கயிறு.

2024இல் ஐஓஎஸ் 18 வந்த பிறகு ஐகான்களைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றலாம், ஒரே சாயம் பூசலாம், பெயரை எடுத்துவிட்டுப் பெரிதாக்கலாம். காலி இடத்தை அழுத்தி, மேலே இடது மூலையில் ‘எடிட்’, அதில் ‘கஸ்டமைஸ்’. அடுத்த வருஷம் வந்த ஐஓஎஸ் 26இல் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் ஐகானும் சேர்ந்தது. வயதானவர் போனில் அந்தப் ‘பெரிதாக்கு’ ஒன்று போதும், கண்ணாடியெல்லாம் வேண்டாம்.

படம் மாற்ற வருகிறவனுக்கு எஸ்எம்எஸ் எதற்கு?

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே ஃபைலில் ஐகான் பேக் வருகிறது என்றால் தொடாதீர்கள். பிளே ஸ்டோரில் எடுத்த லாஞ்சராக இருந்தாலும் என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். மெசேஜ் வந்ததைப் புள்ளி வைத்துக் காட்ட நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்பது வழக்கம். அதுவும் கட்டாயம் இல்லை. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவன் பீரோ சாவியைக் கேட்டால் கொடுப்போமா?

இன்னொன்று. ஐகான் என்பது வெறும் போர்டு. போர்டை யார் வேண்டுமானாலும் எழுதலாம். வங்கியின் படத்தை மாட்டிக்கொண்டு வரும் போலி ஆப்புகளும் உண்டு. அதனால் படத்தைப் பார்த்து ஆப்பை இறக்காதீர்கள், எந்தக் கம்பெனி போட்டது என்று பார்த்து இறக்குங்கள்.

கிளி பிறந்த கதை

அம்மாவிடம் கேட்டேன், “அந்த ரெண்டாவது பச்சையில நீ என்னம்மா பண்ணுவ?” அவள் சொன்னாள்: “பேரன் பேசிப் போடுவாம்லா, அதக் கேப்பேன். நானும் திருப்பிச் சொல்லுவேன்.” வாட்ஸ்அப் அவளுக்கு வாய்ஸ் மெசேஜ். சொன்னதைச் சொல்லும் கிளி.

பழைய எனாமல் டப்பாக்களைத் திறந்து, ஒரு சாண் தகட்டில் கிளி எழுதினேன். இறகுக்கு மூன்று பச்சை, கழுத்தில் சிவப்பு ஆரம், காலில் கொய்யாப்பழம். பல வருஷத்துக்குப் பிறகு பிரஷ் பிடித்த சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டேன். போட்டோ எடுத்து, சதுரமாய் வெட்டி, அம்மா போனில் வைத்தேன். பச்சையாய் ஒரு திட்டு. கிளியைக் காணோம். ஒரு சாண் படம் திரையில் விரல்நகம் அளவுக்குச் சுருங்கும்போது மெல்லிய கோடெல்லாம் கரைந்துவிடுகிறது.

இரண்டாம் தடவை தகடு முழுக்க அடர் மஞ்சள். அதில் முதுகு வளைவு ஒன்று, சிவப்பு மூக்கு ஒன்று, ஒரு கண். அவ்வளவுதான். எனாமல் பளபளக்கும் என்பதால் வெயிலில் வைக்காமல், பிளாஷ் இல்லாமல், திண்ணை நிழலில் வைத்துப் படம் எடுத்தேன். போனில் வைத்ததும், அம்மா கண்ணாடி போடாமலே சொன்னாள்: “கிளிலே!”

மற்றதில் அதிகம் கை வைக்கவில்லை. பணம் அனுப்பும் ஊதா ஊதாவாகவே இருக்கிறது, இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவள் விரலுக்கு அந்த இடம் மனப்பாடம், அதை நகர்த்துவது அவள் அஞ்சறைப் பெட்டியில் கடுகையும் சீரகத்தையும் மாற்றி வைப்பதற்குச் சமம். கூடுதலாய் ஒன்று மட்டும் செய்தேன்: காண்டாக்ட்ஸ் விட்ஜெட்டில் ‘டைரக்ட் டயல்’ என்று இருக்கிறது. அதை வைத்து என் முகத்தையும் தங்கை முகத்தையும் திரையில் ஒட்டினேன். முகத்தைத் தொட்டால் நேரே எங்களுக்குப் போன் வரும். என் போனில் இருந்த சாம்பல் நீலத்தையும் அன்றைக்கே கழற்றிவிட்டேன். மகள் போனில் அது இருக்கிறது. அவளுக்குக் குழப்பமில்லை, இருக்கட்டும்.

அம்மா போனில் கிளியைப் பார்த்த பக்கத்து வீட்டு மதினி, பிளே ஸ்டோரில் ரெண்டு நாள் ‘கிளி ஆப்’ தேடி அலுத்துப்போய் என்னிடம் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். “அப்போ எனக்குக் கிளி வேண்டாம் தம்பி, மாடு எழுதிக் குடுங்க” என்றாள். பால் கணக்கெல்லாம் அவள் வாட்ஸ்அப்பில்தான் பேசி அனுப்புகிறாளாம்.

போர்டு கடைக்காரனுக்காக எழுதுவது இல்லை, கடையைத் தேடி வருகிறவனுக்காக எழுதுவது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். போனைப் பிடுங்கிக்கொண்டு போய் மாற்றாதீர்கள். எந்தப் படத்தில் தடுமாறுகிறார்கள் என்று அவர்கள் விரலைப் பாருங்கள். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.