பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன்: உரிமையும் ஆபத்தும் தீர்வும்

1995ஆம் ஆண்டு இத்தாலியின் இமோலாவில் சான் மரினோ கிராண்ட் பிரி பந்தயம் நடந்த வார இறுதியில், ஃபெராரி அணியின் ஓட்டுநர் கெர்ஹார்ட் பெர்கருடைய சிவப்பு நிற எஃப்512எம் கார் திருடுபோனது. ஏறத்தாழ 28 ஆண்டுகள் அதைப் பற்றித் துப்பே கிடைக்கவில்லை. பிறகு பிரிட்டனில் ஒரு தரகர் மூலம் அமெரிக்கர் ஒருவர் அதே ரகக் கார் ஒன்றை வாங்க முன்வந்தார். ஃபெராரி நிறுவனம் அதன் விவரங்களைச் சரிபார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. திருடப்பட்ட சில நாளில் ஜப்பானுக்குக் கப்பலேறிய கார், 2023இன் கடைசியில் பிரிட்டனுக்கு வந்திருந்தது. லண்டன் மாநகரப் போலீஸ் நான்கே நாளில் அதன் தடத்தைக் கண்டுபிடித்து, ஏற்றுமதி ஆகுமுன் கைப்பற்றியது. மதிப்பு சுமார் 3,50,000 பவுண்டு.

அந்த அமெரிக்கர் தப்பித்தார். அவரைக் காப்பாற்றியது அந்த ஒரு சோதனை. பழைய அனலாக் ஸ்போர்ட்ஸ் கார்களில் பணம் போட நினைக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டிய சம்பவம் இது. ஒரு காரின் நாளைய மதிப்பை அதன் பெயரும் வேகமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. காருக்குச் சரியான ஆவணம் இருக்கிறதா, உதிரி பாகம் கிடைக்கிறதா, சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறதா என்ற மூன்று கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன.

ஏன் இவ்வளவு மவுசு?

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் நேராக எஞ்சினின் த்ராட்டிலை இழுக்கும். கியரைக் கையால் மாற்ற வேண்டும். சாலையின் மேடுபள்ளம் ஸ்டீயரிங் வழியாகக் கையில் தெரியும். கார் வழுக்கினால் சமாளிக்கக் கணினி வராது. இப்படிப்பட்ட கார்களைத்தான் ஆர்வலர்கள் அனலாக் என்கிறார்கள். 1996இல் வந்த முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸின் எடை சுமார் 725 கிலோதான்.

அப்படி ஒரு காரை இன்று புதிதாகத் தயாரித்து ஐரோப்பாவில் பெருமளவில் விற்க முடியாது. புதிய கார்களில் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு 2014 நவம்பர் முதல் அங்கே கட்டாயம். வேக வரம்பை நினைவூட்டும் கருவி 2024 ஜூலை முதல் கட்டாயமாகிவிட்டது. ஆகவே அனலாக் கார்களின் எண்ணிக்கை இனி கூடாது, குறையத்தான் செய்யும்.

அதே நேரத்தில் ஆசைப்படுவோரின் வயதும் கைப்பணமும் கூடுகின்றன. 1997இல் பிளேஸ்டேஷனில் வந்த கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் இந்தக் கார்களை ஓட்டிப் பழகிய சிறுவர்கள் இன்று நாற்பதை ஒட்டிய வயதினர். அமெரிக்காவில், அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டப்படாத வெளிநாட்டுக் காரைத் தனியார் இறக்குமதி செய்ய அது 25 வயதைத் தொட்டிருக்க வேண்டும். நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்34 ரகம் 1999 ஜனவரியில் வெளிவந்தது. 2024 ஜனவரியில் முதல் கார்களுக்குக் கதவு திறந்தது. கனடாவில் இந்த வரம்பு 15 ஆண்டுதான்.

உச்சத்தில் இருப்பது மெக்லாரன் எஃப்1. மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்டன. வெறும் 390 கிலோமீட்டர் ஓடிய ஒன்று 2021இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடி டாலருக்கும் மேல் விலைபோனது. இந்த மாதிரிச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பலர் தங்கள் சேமிப்போடு சந்தைக்கு வருகிறார்கள். ஆபத்தும் அங்கேயே தொடங்குகிறது.

விலை ஏறும், இறங்கும்

1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி காலமானதும் ஃபெராரி கார்களின் விலை விண்ணைத் தொட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தச் சந்தை சரிந்தது. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிற்காலத்திலும் இது நடந்தது. 2016இல் போர்ஷே நிறுவனம் 911 ஆர் என்ற மேனுவல் கியர் காரை 991 மட்டுமே தயாரித்தது. மறுவிற்பனையில் விலை பலமடங்கு எகிறியது. அடுத்த ஆண்டே அதே சுவையைத் தரும் ஜிடி3 டூரிங் ரகத்தை எண்ணிக்கை வரம்பு இல்லாமல் போர்ஷே அறிமுகப்படுத்த, 911 ஆரின் விலை கீழே வந்தது.

அரிது என்று இன்று விளம்பரம் செய்யப்படுவது நாளை அரிதாக இல்லாமல் போகலாம். எதிர்த்திசையிலும் நடக்கும். 1997இல் ஃபெராரி எஃப்355 காரில் ஸ்டீயரிங் பின்னாலுள்ள துடுப்பால் கியர் மாற்றும் வசதி புதுமையாக வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது பழைய கைக் கியரைத்தான்.

எண்ணும் காகிதமும்

பிரிட்டனில் வி5சி என்ற பதிவுச் சான்றைக் காட்டி, நான்தான் உரிமையாளர் என்று சொல்பவர்கள் உண்டு. இது உரிமைக்கான ஆதாரம் அல்ல என்று அந்தச் சான்றிலேயே அச்சிட்டிருக்கிறது. யார் பெயரில் பதிவாகியுள்ளது, யார் பொறுப்பு என்பதை மட்டுமே அது சொல்லும். கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் கழித்துக்கட்டிய வரலாறு ஆகியவற்றைத் தனியாகக் கட்டணம் கட்டிச் சரிபார்க்க வேண்டும். எம்ஓடி எனும் ஆண்டுச் சோதனையின் பதிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையிலும் குறிக்கப்பட்ட ஓடிய தூரமும் அதில் இருக்கும். ஒரு வருடம் 62,000 மைல், மறுவருடம் 41,000 மைல் என்று இருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் 2010 மற்றும் அதற்கு முந்தைய மாடல் கார்களை விற்கும்போது ஓடிய தூரத்தை எழுதித்தர வேண்டும் என்ற கூட்டாட்சிக் கட்டாயம் இப்போது இல்லை. அங்கே தொண்ணூறுகளின் காரை வாங்குபவருக்குச் சர்வீஸ் பில்கள்தான் துணை.

எஞ்சின், கியர்பாக்ஸ் எண்கள் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துவதற்கே தனி விலை உண்டு. 2017இல் 4.4 கோடி டாலருக்குக் கைமாறிய 1962ஆம் ஆண்டு ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்றின் அசல் கியர்பாக்ஸ் காரோடு இல்லை. அதைத் தேடிப் பெற்றுத் தர வேண்டியது விற்றவரின் பொறுப்பா என்ற வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வாசகமே வாங்கியவருக்குக் கைகொடுத்தது. சில ஆயிரம் பவுண்டு காருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். காரோடு வரும் உதிரி பாகங்கள், சாவிகள், கையேடு, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

பாகம் கிடைக்குமா?

அனலாக் என்றாலும் இந்தக் கார்களில் மின்னணுவியல் இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளின் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கெப்பாசிட்டர்கள் கசிந்து, சர்க்யூட் பலகையை அரித்திருப்பதைப் பார்க்கலாம். மெக்லாரன் எஃப்1 காரைப் பராமரிக்க, அந்நிறுவனமே தொண்ணூறுகளின் காம்பேக் லேப்டாப் ஒன்றை நெடுங்காலம் பாதுகாத்து வைத்திருந்தது. காரோடு பேசும் மென்பொருள் அதிலுள்ள பிரத்யேக அட்டையோடுதான் ஓடியது. மெக்லாரனுக்கே அந்த நிலை என்றால் தனிநபர் நிலையை யோசித்துக்கொள்ளலாம்.

எனவே, தயாரித்த நிறுவனம் இன்றும் பாகம் தருகிறதா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி. என்எஸ்எக்ஸ் காரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஹோண்டா ஜப்பானில் 1993இலேயே தொடங்கியது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காருக்கு மாஸ்டா 2017இல் மறுசீரமைப்புத் திட்டமும் மறுதயாரிப்புப் பாகங்களும் அறிவித்தது. அதே ஆண்டு நிஸ்ஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ, ஆர்32 ஜிடி-ஆருக்குப் பாகங்களைத் தரத் தொடங்கியது. டொயோட்டா பழைய சுப்ரா கார்களுக்குப் பாகங்களை மறுபடி தயாரிக்கிறது. இப்படி ஆதரவுள்ள, வலுவான உரிமையாளர் சங்கமுள்ள கார்கள் நீண்ட நாள் சாலையில் இருக்கும். மற்றவை, ஒரு சிறிய சென்சார் கிடைக்காமல் கொட்டகையிலேயே நின்றுவிடும்.

ஓட்டும் உரிமை

புதிய பெட்ரோல், டீசல் கார் விற்பனையை 2030இல் நிறுத்தும் பிரிட்டன் அரசின் முடிவு புதிய கார்களுக்கானது. பழைய கார் வைத்திருப்பவரின் உரிமையை அது பறிக்கவில்லை. ஆனால் நகரங்களின் தூய காற்று மண்டலங்கள் பறிக்கலாம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளிலும் யூலெஸ் எனும் மாசுக் கட்டணம் அமலில் உள்ளது. யூரோ 4 புகைத் தரத்தைத் தொடாத பெட்ரோல் கார் ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. 40 வயதைக் கடந்து வரலாற்று வாகனமாகப் பதிவான காருக்கு விலக்கு உண்டு. அத்தகைய காருக்கு வாகன வரியும் இல்லை. கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்யப்படாதிருந்தால் எம்ஓடியும் கட்டாயமில்லை. தொண்ணூறுகளின் கார்கள் அந்த வயதை எட்ட 2030கள் வரை பொறுக்க வேண்டும். இந்த இடைவெளிக் காலம்தான் அவற்றுக்கு நெருக்கடியானது. ஜெர்மனியில் 30 வயதே போதும். அசல் நிலையில் இருந்தால் 'எச்' எண்பலகை கிடைக்கும். ஆண்டு வரி 191.73 யூரோ, சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் நுழையத் தடையில்லை.

இந்தியாவில் வரம்பு இன்னும் உயர்ந்தது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த வாகனமே விண்டேஜ் பிரிவில் சேரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரணங்களுக்காக மட்டுமே அதைச் சாலையில் ஓட்டலாம். தொண்ணூறுகளின் ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அது சாதாரண வாகனமாக, பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனின் வழக்கமான பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கும், பெட்ரோல் டேங்கில் துருவை வளர்க்கும். எந்தக் காருக்கு ஏற்றது என்று சரிபார்க்க அரசு தளமொன்று உள்ளது. ஏற்காத கார்களுக்கு எத்தனால் குறைந்த உயர்ரகப் பெட்ரோல் கிடைக்கிறது.

உயிரோடு விளையாட வேண்டாம்

2013 நவம்பர் 30 அன்று நடிகர் பால் வாக்கர் சென்ற போர்ஷே கரேரா ஜிடி கலிஃபோர்னியாவில் விபத்துக்குள்ளானது. அவரும் காரை ஓட்டிய நண்பரும் இறந்தனர். அதிவேகமே காரணம் என்ற விசாரணை, ஒன்பது வயதான டயர்களும் காரின் கையாளுதலைப் பாதித்திருக்கலாம் என்று சுட்டிக்காட்டியது. அந்தக் காரில் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கிடையாது.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். அதிகம் ஓடாத காரில் டயரின் பள்ளங்கள் புத்தம்புதிதாகத் தெரியும். ரப்பரோ உள்ளே இறுகிப் போயிருக்கும். நான்கு டயரையும் குனிந்து படிக்காமல் சோதனை ஓட்டத்துக்கே போகக் கூடாது.

பழுதைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் திரும்ப அழைக்கும் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். 17 எழுத்து, இலக்கம் கொண்ட வாகன அடையாள எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் இட்டால் நிலுவையிலுள்ள அறிவிப்பு தெரியும். டகாட்டா நிறுவனத்தின் குறைபாடுள்ள ஏர்பேக் பிரச்சினை பழைய கார்களிலும் உள்ளது. முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு கடந்த காருக்கு இலவசமாகச் சரிசெய்து தர அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், கிடைக்கும் காலத்திலேயே செய்துகொள்வது நல்லது.

ஏமாந்தால் என்ன செய்வது?

பிரிட்டனில் ஒரு வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை நிற்கும். குறை இருந்தால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு பழுதுபார்க்க ஒரு வாய்ப்பு தர வேண்டும். முதல் ஆறு மாதத்தில் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். முப்பது வயதுக் காரில் தேய்மானம் இயல்பு என்பதையும் சட்டம் கணக்கில் கொள்ளும்.

தனிநபரிடம் வாங்கினால் பாதுகாப்பு குறைவு. கார் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும் என்பவை மட்டும் நிற்கும். ஆகவே விளம்பரத்தைப் படமெடுத்து வைப்பதும், மறுகட்டுமானம் ஆன எஞ்சின், ஒரே உரிமையாளர் போன்ற வாக்குறுதிகளை எழுத்தில் வாங்குவதும் அவசியம். நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் விற்கும் பழைய பொருளுக்கு நுகர்வோர் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது. ஏல நிறுவனத்தின் நிபந்தனைகளையும் வாங்குபவர் கட்டணத்தையும் முன்பே படித்துவிட வேண்டும்.

காரின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், வியாபாரிக்கு ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் செலுத்துவது புத்திசாலித்தனம். வியாபாரி கைவிரித்தால் கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்று 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு சொல்கிறது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது, இத்தனை தொகை என்று முன்பே எழுதி ஒப்புக்கொண்ட பாலிசி வேண்டும். வெறும் சந்தை மதிப்பு என்றிருந்தால், கார் எரிந்துபோன பிறகு மதிப்பு என்ன என்று வாதாட வேண்டிவரும்.

கூட்டாகப் போராடுவதும் பலன் தந்திருக்கிறது. போர்ஷே 911, பாக்ஸ்டர் கார்களில் எஞ்சினைப் பாழாக்கிய ஐஎம்எஸ் (இடைநிலைத் தண்டு) பேரிங் கோளாறுக்காக அமெரிக்க உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2001 முதல் 2005 வரையிலான கார்கள் பலவற்றுக்குச் சமரசம் எட்டப்பட்டது. அதுவும் காலவரம்போடுதான். இன்று அதே காரை வாங்குபவர் பேரிங் மாற்றிய பில்லைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

இங்கிலாந்தில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. 10,000 பவுண்டு வரையிலான சர்ச்சையைச் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். வாங்கிய ரசீது, விற்றவரோடு பேசிய மின்னஞ்சல்கள், ஆய்வறிக்கை, எம்ஓடி பதிவின் அச்சு ஆகியவற்றை ஒரே கோப்பில், குறைந்தது அந்த ஆறு ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். காரை மறுபடி விற்கும் நாளில் அடுத்தவர் முதலில் கேட்கப்போவதும் அந்தக் கோப்பைத்தான்.