வாயில்லா ஜீவன்களின் வழக்கு

கையில் மருந்திருந்தும் அது கசக்கிறதென்று கீழே கொட்டிவிட்டு, நோயைப் பற்றிப் புலம்புகிறவனை உலகம் என்னவென்று சொல்லும்? அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துக் குதிரைப் பந்தய விஷயம் இத்தகையதே என்பது நமது அபிப்பிராயம்.

பந்தயக் குதிரை சுமார் 500 கிலோ எடையுள்ள பிராணி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது பாயும்போது, சிற்சில கணங்களில் பாரம் முழுவதும் மெல்லிய ஒற்றைக் காலின் மீது இறங்குகிறது. தரை ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் இளகியும் இருந்தால் அபாயம் அதிகரிக்கிறது. கால் முறிந்த குதிரை நெடுநாள் படுத்துக் கிடந்து குணமடைய முடியாதாகையால், பெரும்பாலும் அதைக் கொன்றுவிடுகிறார்கள். 2006 மே மாதத்தில் பிரீக்னெஸ் பந்தயத்தில் கால் முறிந்த பார்பரோ என்னும் புகழ்பெற்ற குதிரை, எட்டு மாத சிகிச்சைக்குப் பின்னரும் பிழைக்கவில்லை.

அவ்வருஷமே கலிபோர்னியா குதிரைப் பந்தய போர்டு ஓர் உத்தரவு பிறப்பித்தது. பெரிய மைதானங்கள் 2007 முடிவுக்குள் மண் தரையை நீக்கிச் செயற்கைத் தரை அமைக்க வேண்டும் என்பதே அது. மணலுடன் செயற்கை நாரும் ரப்பர்த் துணுக்கும் சேர்த்து, மெழுகு பூசிப் பரப்புவது இத்தரை. மழைநீர் அதனூடே வடிய வேண்டும்; குளம்பு படும் இடமெல்லாம் ஒரே தன்மையாக இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பதே நியாயம். வெயிலில் மெழுகு இளகித் தரையின் தன்மை மாறிற்று. ஸாண்டா அனிடா மைதானத்தில் மழைநீர் வடியாமல் 2008-ல் பந்தயங்கள் நின்றன. பின்னங்கால்களில் புதுவிதக் காயங்கள் உண்டாவதாகப் பயிற்சியாளர் சிலர் முறையிட்டனர். மண்ணில் ஓடிய பழைய கணக்குகளை நம்பிப் பணம் கட்டுவோர் திகைத்தனர். இக்குறைகளில் சில மெய்யே. ஆயினும் பரிகாரத்திலுள்ள குறையைத் திருத்துவது வேறு. பரிகாரத்தையே கைவிடுவது வேறு. ஸாண்டா அனிடா 2010-லும், டெல் மார் 2015-லும் மண்ணுக்கே திரும்பின.

பின்னர் நடந்ததென்ன? ஸாண்டா அனிடாவில் 2018 டிஸம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரையில், பந்தயத்திலும் பயிற்சியிலுமாக 30 குதிரைகள் மாண்டன. எல்லாம் மண் தரையில் மாண்டவை அல்ல. அடைமழை முதலிய காரணங்களும் கூறப்பட்டன. ஆகவே இவ்வொரு சாட்சியைக் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டுவதில்லை. வட அமெரிக்க மைதானங்களைப் பற்றி ஜாக்கி கிளப் சேகரித்துள்ள கணக்கைப் பாருங்கள். 2023-ல் ஆயிரம் ஓட்டங்களுக்கு நேர்ந்த மரணங்கள் மண் தரையில் 1.43, புல் தரையில் 1.13, செயற்கைத் தரையில் 0.97.

2020-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி, 2022 ஜூலை முதல் தேசமெங்கும் மைதானப் பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்தன. தரையைச் சோதிப்பதும் குதிரைகளைப் பரிசோதிப்பதும் நல்ல காரியங்களே. ஆனால் செயற்கைத் தரைதான் வேண்டும் என்று அவ்விதிகள் வற்புறுத்தவில்லை. அதைச் சொந்தக்காரரின் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள்.

பந்தயத்தில் பணம் கட்டுவது மனிதன். பரிசு பெறுவதும் மனிதன். குதிரை கட்டுவது தன் உயிரை. அதன் முதுகிலிருக்கும் சவாரிக்காரனும் தன் உயிரையே கட்டுகிறான். ஆயிரம் ஓட்டங்களுக்கு அரை உயிர் மிஞ்சுமென்று கணக்கே கூறும்போது, அதை வேண்டாமென்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு மைதானச் சொந்தக்காரரையே சார்ந்தது. பழக்கமும் லாபமும் அதற்குத் தக்க காரணங்களாகா.