பால்குடி மறத்தலும் பெற்றோரின் கலந்தாலோசனையும்

பாத்திமா என்னும் பெயரைத் தாங்கிய ஒருவரேனும் இல்லாத முஸ்லிம் குடும்பத்தைத் தமிழகத்தில் காண்பது அரிது. ஆயின் அப்பெயரின் வேர்ச்சொல்லை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. அரபு மொழியில் 'ஃபதம' என்றால் குழந்தையைப் பால்குடி மறக்கச் செய்தல் என்று பொருள். அச்செயலின் பெயர் 'ஃபிதாம்'. திருக்குர்ஆன் இதே கருத்துக்கு 'ஃபிஸால்' என்னும் சொல்லை மூன்று இடங்களில் (2:233, 31:14, 46:15) ஆள்கிறது. ஃபிதாமுக்கு அறுத்தல் என்பதும் ஃபிஸாலுக்குப் பிரித்தல் என்பதும் அடிப்படைப் பொருள்களாகும். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹு நூல்களில் ஒரு பேச்சு முடிந்து மற்றொன்று தொடங்குமிடத்தில் 'ஃபஸ்ல்' என்று தலைப்பிடுவர். அதுவும் இவ்வேரில் கிளைத்த சொல்லே. குழந்தையின் வாழ்வில் பால்குடி மறத்தல் அத்தகைய முதல் 'ஃபஸ்ல்' எனலாம்.

ஃபிஸாலின் காலம் இரண்டாண்டுகள் என்று லுக்மான் அத்தியாயம் கூறுகிறது. சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதும் சேர்ந்து முப்பது மாதங்கள் என்று அஹ்காஃப் அத்தியாயம் கூறுகிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கி, கருவுற்றிருக்கும் காலத்தின் கீழெல்லை ஆறு மாதங்கள் என்று ஸஹாபாக்கள் முடிவு கண்டனர். பால்குடி உறவு ஏற்படுவதற்குரிய கால எல்லை இரண்டாண்டுகள் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதனை முப்பது மாதங்கள் என்றார்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் இரண்டாண்டுகள் என்றே கூறினர்.

எனினும் இரண்டாண்டுகள் நிறைவுறும் முன் பாலை நிறுத்தவே கூடாது என்பதன்று இறைச்சட்டம். பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு அது காலவரையறை. முன்னரே நிறுத்த விரும்பினால் அதற்கும் வழியுண்டு. ஆனால் அவ்வழியின் வாயிலில் பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இரு நிபந்தனைகளை வைக்கிறது. ஒன்று, தாய் தந்தை இருவரின் மன இசைவு. மற்றொன்று, இருவரும் கலந்தாலோசித்தல். 'தராளி', 'தஷாவுர்' என்னும் அவ்விரு சொற்களும் 'தஃபாஉல்' என்னும் வாய்பாட்டில் அமைந்தவை. பெரும்பாலும் இரு தரப்பும் பங்கேற்கும் செயலையே அவ்வாய்பாடு குறிக்கும் என்பதை ஸர்ஃப் பயின்றோர் அறிவர். ஆகவே ஒருவர் முடிவெடுத்து மற்றவருக்கு அறிவித்துவிடுவது தஷாவுர் ஆகாது.

'தஷாவுர்' என்பது 'ஷூரா' என்பதன் வேரிலிருந்தே பிறந்தது. தேன்கூட்டிலிருந்து தேனை எடுப்பதற்கும் அரபியர் இவ்வேரை வழங்குவர். பலரின் கருத்துகளிலிருந்து நல்லதைப் பிரித்தெடுப்பது ஆலோசனை. ஆலோசனை என்னும் பொருளில் இவ்வேர் திருக்குர்ஆனில் மூன்று இடங்களில் வருகிறது. இரண்டு (3:159, 42:38) சமுதாயப் பொதுக் காரியங்கள் பற்றியவை. மூன்றாவது, பேசவறியாத ஒரு பச்சிளங்குழந்தையின் பால் பற்றியது! பெற்றோருள் ஒருவர் மற்றவரைக் கலக்காமல் தாமே இதில் முடிவு செய்வது கூடாது என்று ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்) முதலியோர் கூறியிருப்பதை இப்னு கஸீர் எடுத்துரைத்து, குழந்தையின் நலன் காக்கும் முன்னெச்சரிக்கை இது என்கிறார். குழந்தையின் நன்மையை நாடிப் பெற்றோர் ஆய்ந்து முடிவு செய்ய இறைவன் அனுமதித்திருப்பதிலிருந்து, சட்டங்களில் இஜ்திஹாத் செய்வதற்கே இமாம் குர்துபீ ஆதாரம் காண்கிறார்.

இவ்வசனம் அமைந்துள்ள இடத்தையும் நாம் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் தலாக் பற்றிய சட்டங்கள் வர, நடுவே இது நிற்கிறது. இல்லறம் முறிந்த பின்னும் குழந்தைக்காக இருவரும் ஒன்றுகூடிப் பேசியாக வேண்டும். குழந்தையைக் கருவியாக்கித் தாய்க்கோ தந்தைக்கோ துன்பம் இழைக்கலாகாது. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் முறைப்படி வழங்குவது தந்தையின் கடமை. ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? நாம் உடனிருந்த சமாதானப் பேச்சுகளில் நகையும் சீர்வரிசையும் இரவு நெடுநேரம் வரை கணக்கிடப்பட்டதைக் கண்டிருக்கிறோம். தாயின் மடியில் உறங்கும் குழந்தை இன்னும் எத்தனை மாதம் பால் குடிக்க வேண்டும், அதுவரை அத்தாயின் உணவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டவர் ஒருவருமில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களுள் நாமும் ஒருவர்.

குழந்தையின் பால் பெற்றோரின் பொறுப்பு மட்டுமன்று, ஆட்சியாளரின் பொறுப்புமாகும் என்பதற்கு உமர் (ரலி) அவர்களின் வரலாறு சான்று. இப்னு ஸஅத் தம் 'தபகாத்' நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். மதீனாவில் வந்து தங்கிய வணிகர் கூட்டத்திற்கு இரவில் உமர் (ரலி) காவல் புரிந்தபோது, ஒரு குழந்தை மீண்டும் மீண்டும் அழும் ஒலி கேட்டது. தாயிடம் காரணம் வினவினார்கள். வந்திருப்பவர் இன்னாரென்று அறியாத அப்பெண், தான் குழந்தையைப் பால்குடி மறக்கச் செய்ய முயல்வதாகவும், பால் மறந்த குழந்தைகளுக்கே உமர் உதவித்தொகை வழங்குவதாகவும் கூறினாள். குழந்தைக்கோ சில மாதங்களே ஆகியிருந்தன. அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபாவின் அழுகையால் அவர்களின் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை. தம் விதியால் எத்தனைக் குழந்தைகள் மாண்டிருக்குமோ என்று வருந்திய அவர்கள், பால்குடியை அவசரமாக நிறுத்த வேண்டாம் என்றும், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்றும் நாடெங்கும் அறிவிக்கச் செய்தார்கள். தாயின் வறுமை அறியாமல் வகுத்த விதி குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்துவிடும் என்பதை ஓர் அழுகுரலிலிருந்து அறிந்து, உடனே திருத்திக்கொண்டார்கள்.

இனி, பால்குடி மறக்கச் செய்யும் முறைக்கு வருவோம். ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் 'துஹ்ஃபதுல் மவ்தூத்' நூலில், குழந்தையைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகப் பழக்க வேண்டும் என்கிறார். பழகியதை ஒரேயடியாகத் துறப்பது தீங்கு பயக்கும் என்பது அவர் கூறும் காரணம். பற்கள் முளைத்து உணவை மெல்லும் வலிமை வந்திருப்பதும், வெயிலும் குளிரும் மிகாத பருவமும் அவர் கருத்தில் உகந்தவை. மார்பில் வேப்பெண்ணெய் தடவிக் குழந்தையை வெருட்டுவதும், பால் மறக்கட்டும் என்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நம்மிடையே உள்ள பழக்கங்கள். அவை இவ்வறிவுரைக்கு முரணானவை.

ஆறு மாதங்கள் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் துணை உணவுடன் இரண்டாண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய பரிந்துரை. ஆறு மாதக் குழந்தையைப் பிறர் துணையுடன் சிறு கிண்ணத்திலிருந்து பருகப் பழக்கலாம். நாளுக்கு ஒருமுறை, சில மிடறுகள் எனத் தொடங்கி மெல்லக் கூட்டலாம். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையும் சங்கும் இன்றைய மருத்துவர்களும் ஏற்கும் கருவிகளே. புட்டியின் காம்பிலும் கழுத்திலும் அழுக்குத் தங்கி வயிற்றுப்போக்கை விளைவிக்கும். வாயகன்ற கிண்ணத்தைக் கழுவுவது எளிது. பால்புட்டிகளுக்கும் தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவுகளுக்கும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்துள்ளன. ஓராண்டு நிறையும் முன் பசும்பாலை முதன்மைப் பானமாக்குவதும், தேன் ஊட்டுவதும் கூடாது என்பர் மருத்துவர்.

கிண்ணத்தைத் தாய் தன் கையால் குழந்தையின் வாயருகே கொண்டு செல்கிறாள். அந்நாளைக் குறிப்பதில் தந்தையின் சொல்லும் சேர்ந்திருக்க வேண்டும்; அதுவரை அவளுக்கு வேண்டியவற்றை அவன் வழங்கியிருக்கவும் வேண்டும். இணைந்து வாழ்வோருக்கும் பிரிந்து வாழ்வோருக்கும் இது பொதுவான கடமை. பாதுகாக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்த இறைவன், அதனை நிறைவேற்றும் நல்லறிவையும் நமக்கு அருள்வானாக!