இரண்டாம் தொழில்

மேல்நிலை வகுப்பில் தேர்ந்தெடுக்கும் பாடப்பிரிவே வாழ்நாள் தொழிலை முடிவு செய்துவிடும் என்னும் எண்ணம் மாணவரிடையே பரவலாக உள்ளது. உண்மை நிலை வேறு. ஒரு தொழிலில் காலூன்றிய பின்னர் இன்னொன்றைக் கற்க நேர்பவர் பலர். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலிருந்து தொழிற்சாலைக்குச் சென்று, பணிமுறை முடிந்து இரவில் வீடு திரும்பும் ஒருவர் புதிய தொழிலுக்கான பாடநூலைத் திறக்கிறார் எனக் கொள்வோம். பாடத்தின் கடுமையைவிட நேரத்தின் பற்றாக்குறையே அவரைப் பெரிதும் வருத்தும். இச்சிக்கலைத் தம் வாழ்விலும் பணியிலும் எதிர்கொண்டவர், இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன்.

1892இல் பிறந்த அவர் கணிதம் பயின்று, கல்லூரி ஆசிரியரானார். 1924ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஊதியத்தை எண்ணித் தயக்கத்தோடு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்றார். மாணவர் குரல் கேட்டுப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பொறுக்கவில்லை. விரைவிலேயே பழைய பணியைத் திரும்பக் கேட்டார். இலண்டனுக்குச் சென்று நூலகவியல் கற்று வருமாறும், அதன் பிறகும் மனம் ஒப்பவில்லையெனில் கணித வகுப்புக்கே திரும்பலாம் என்றும் உடன்பாடாயிற்று. அந்த உறுதிமொழி இல்லாதிருந்தால் அவர் கப்பல் ஏறியிருப்பாரா என்பது ஐயமே.

இலண்டனில் அவர் பெற்ற மதிப்பெண்கள் சராசரியைச் சற்றே கடந்தவை. எனினும், வகுப்போடு அவர் நின்றுவிடவில்லை. ஆசிரியர் பெர்விக் சேயர்சு தலைமை வகித்த குராய்டன் பொது நூலகத்தில் அன்றாடப் பணிகளை நேரில் கற்றார்; பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே அவருடைய பழைய தொழில் கைகொடுத்தது. அன்றைய பகுப்பு முறைகள் பொருள்களை முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்திருந்தன. புதிய பொருள் தோன்றும்போது இடமின்றித் திணறின. கடையொன்றில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்ட அரங்கநாதனுக்கு வழி புலப்பட்டது. சில துண்டுகளை வெவ்வேறாகப் பூட்டிப் பல உருவங்களை அமைப்பது போல, பொருளையும் கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம். நெற்பயிரின் நோயைப் பற்றிய நூலுக்கு வேளாண்மை, நெல், நோய் என்னும் கூறுகளின் குறியீடுகளைச் சேர்த்தால் போதும். கணக்காசிரியரின் மனம் கண்ட வழி இது. 1925இல் தாயகம் திரும்பும்போது கப்பலில் இருந்த சிறு நூலகத்திலேயே இதனைச் சோதித்துப் பார்த்தார். 1933இல் இது 'கோலன் பகுப்பு முறை' என்னும் பெயரில் வெளிவந்தது. கணித வகுப்புக்கு அவர் திரும்பவேயில்லை.

நூலகர் பணியில் இருந்த இருபது ஆண்டுகளும் அவர் விடுப்பே எடுக்கவில்லை என்பர். வியக்கத்தக்க உழைப்புத்தான்; ஆனால், குடும்பமும் வேலையும் உடைய எல்லாராலும் பின்பற்றத்தக்கதன்று. பிறருக்கு அவர் வகுத்த வழி இதனினும் எளிது. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் அடுத்த ஆண்டே கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளி ஆசிரியர்கள் வேலையைத் துறக்காமல், கோடை விடுமுறையில் நூலகவியல் கற்க இயன்றது. படிப்புக்காகப் பணியாளர் தம் வாழ்வைக் குலைத்துக்கொள்ளாதபடி, படிப்பே அவருடைய நாள்காட்டிக்கு இணங்கி வந்தது. 1931இல் பல்கலைக்கழகம் அப்பயிற்சியை ஏற்றுக்கொண்டது. இன்றைய மாலைக் கல்லூரியும் அஞ்சல்வழிக் கல்வியும் வார இறுதி வகுப்பும், 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதே தேவைக்கு விடை தருபவை.

அதே 1931இல் வெளியான நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் காலத்தைக் காப்பது பற்றியது. வேண்டிய நூலைத் தேடி அலைவதில் ஒரு மணி நேரம் கழிந்தால், ஓய்வுள்ளவருக்கு அது சிறு தொல்லை. இரவுப் பணிக்கு விரைய வேண்டியவருக்கோ அன்றைய படிப்பே போயிற்று. நூலகத்துக்கு வர நேரமில்லாதவர்களையும் அவர் மறக்கவில்லை. அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது; அதனைத் தொடங்கி வைத்தவர் அரங்கநாதன்.