உங்களுக்குத் தெரியுமா? முள்ளுக்கடியில் பிழைக்கும் கன்றுகள்

● அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் 40 அடிக்கு மேலும் உயரும் சகுவாரோ கள்ளி, முதல் எட்டு ஆண்டுகளில் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது. வெட்டவெளியில் முளைத்தால் பெரும்பாலும் கருகிவிடும். பாலோ வெர்தே போன்ற மரங்களின் நிழலில்தான் பிழைக்கிறது. இப்படி அடைக்கலம் தருவதைச் செவிலித் தாவரம் என்கிறார்கள். கள்ளி பெரிதானதும் தண்ணீருக்குப் போட்டியிட்டு, வளர்த்த செவிலியையே சாகடிப்பதும் உண்டு. நன்றிகெட்ட பிள்ளை!

● எங்கள் ஊரான களமருதூர் பாலைவனம் இல்லை. ஆனால் கத்திரி வெயிலில், ஒரு சாண் உயரக் கன்றுக்கு மேய்ச்சல் தரிசும் பாலைவனம்தான். அங்கே வேப்பங்கன்றைத் தேட வேண்டிய இடம் சூரை, காரை முட்புதரின் உள்பக்கம். கிளையில் உட்காரும் பறவை விதை போடுகிறது. ஆட்டின் வாய் எட்டுவதில்லை. முள் கீறாமல் கையை உள்ளே விட்டுச் சருகை விலக்கிப் பாருங்கள்: வெளியே காலைச் சுடும் அதே மண், இங்கே விரலுக்கு இதமாக இருக்கும்.

● கல்வராயன் மலையின் சந்தன மரமும் புதருக்குள் தலையெடுக்கும் ரகம்தான். அதற்கு நிழல் மட்டும் போதாது. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டவைத்துத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி அது. நாற்றங்காலில் சந்தனக் கன்று இருக்கும் பையிலேயே துவரை விதையை ஊன்றுவது அதனால்தான்.

● விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் தல விருட்சமான வன்னிதான் ராஜஸ்தானின் மாநில மரம். அங்கே அதன் பெயர் கேஜ்ரி. தார் பாலைவனத்து உழவர்கள் கம்பு விதைக்கும் நிலத்தில் அதை வெட்டாமல் விடுகிறார்கள். வேர் ஆழத்துக்கு இறங்குவதால் மேல்மண் ஈரத்துக்குப் பயிரோடு அதிகம் மல்லுக்கட்டாது. பொடி இலை என்பதால் விழுவதும் சல்லடை நிழல்தான்.

● பாலைவனப் புதர் ஒன்று ராத்திரியில் தண்ணீர் இறைக்கிறது! அமெரிக்காவின் சேஜ்பிரஷ் புதர், ஆழத்து ஈரத்தை வேர் வழியே மேலே இழுத்து, இரவில் வறண்ட மேல்மண்ணில் கசியவிடுவதை ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற இருவர் 1987-ல் எழுதினார்கள். அந்தக் கசிவை அக்கம்பக்கத்துச் செடிகளும் குடிக்கின்றன.

● நிழல் ஈரத்தைக் காக்கும், ஈரத்தைத் தராது. லேசான தூறலைச் செவிலியின் இலைகளே பிடித்துக்கொள்ளும். மீறித் தரைக்கு வந்ததில் அதன் வேரும் பங்கு கேட்கும். ஆனாலும் வறண்ட ஆண்டில் நிழலில் நின்ற கன்று தப்பிக்கவே வாய்ப்பு அதிகம், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வெயிலில் நின்றது முந்திக்கொள்வதும் உண்டு. சூழல் கடுமையாக ஆக, தாவரங்களுக்குள் போட்டி குறைந்து உதவி கூடும் என்று 1994-ல் பெர்ட்னஸ், காலவே என்ற சூழலியலாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அதன்மீது இன்னும் வாதம் ஓயவில்லை.

● 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழையில் அரித்துப்போன பொட்டல். முதலில் கத்தி சவுக்கு போன்ற வேகமாக வளரும் மரங்களை நட்டு, அவற்றின் நிழலில் இந்தப் பகுதிக்கே உரிய காட்டு மரங்களின் கன்றுகளை வளர்த்தார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கத்தி சவுக்குகளில் பலவற்றைச் சாய்த்தது. அடியில் காத்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது.

● நட்ட கன்றுக்குத் தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே சுற்றும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் நின்று இறங்கும்படி ஊற்றுங்கள், வேர் கீழே தேடிப் போகும். தென்னங்கன்றுக்கு நிழலுக்காகக் கீற்றோ பனை மட்டையோ செருகினால் மேற்குப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பிற்பகல் வெயில்தான் கொல்லும்.

● நர்சரியில் நிழல்வலைக்குள் பச்சைப்பசேலென்று நெடுநெடுவென நிற்கும் கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம். தண்டு நீண்டிருக்கும், வேர் அதற்கு ஈடாக இருக்காது. நல்ல நர்சரிக்காரர் விற்பதற்குச் சில வாரங்கள் முன்பே வலையை விலக்கி, தண்ணீரையும் குறைத்துக் கன்றைக் கடினப்படுத்துவார். வாங்கும்போது, "வெயிலில் வைத்து எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள்.