வெஸ்ட்புரூக்கின் ஒரு புள்ளி என்ன விலை?

2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி மூன்று ஆட்டக்காரர்களையும் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வையும் கொடுத்து ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியது. 2017-இல் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற கார்டு (guard) அவர். 2021-22 பருவத்தில் அணிக்குக் கிடைத்ததோ 33 வெற்றி, 49 தோல்வி. பழி பெரும்பாலும் அவர் தலையில் விழுந்தது. அது நியாயம்தானா?

செலவு
- வெஸ்ட்புரூக் சம்பளம்: 4.42 கோடி டாலர்
- லீக்கின் சம்பள வரம்பு: 11.24 கோடி டாலர். அதில் இவர் பங்கு 39%
- அணியின் மற்ற இரு நட்சத்திரங்களான லெப்ரான் ஜேம்ஸையும் ஆன்டனி டேவிஸையும் சேர்த்தால்: சுமார் 12.07 கோடி டாலர்

மூன்றே பேரின் சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டதால், மற்ற இடங்களுக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தில்தான் ஆள் எடுக்க முடிந்தது. வெஸ்ட்புரூக்குக்காகக் கொடுத்த மூவரில் ஒருவரான கென்டேவியஸ் கால்ட்வெல்-போப், முந்தைய பருவத்தில் மூன்று புள்ளி ஷாட்களில் 41% போட்டவர்.

வரவு
- 78 ஆட்டம், ஆட்டத்துக்கு 34.3 நிமிடம்
- சராசரி 18.5 புள்ளி, 7.4 ரீபவுண்ட், 7.1 அசிஸ்ட்
- மொத்தம் ஏறத்தாழ 1,440 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 30,700 டாலர்

கசிவு
- ஆட்டத்துக்கு 3.8 முறை பந்தைப் பறிகொடுத்தார்
- மூன்று புள்ளி ஷாட்: 29.8% (லீக் சராசரி 35.4%)

சுமார் 265 மூன்று புள்ளி முயற்சிகளில் சராசரியைவிட அவர் இழந்தது 45 புள்ளிதான். ஆட்டத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. உண்மையான இழப்பு புள்ளிப் பட்டியலில் வராது. அவர் தூரத்திலிருந்து போடமாட்டார் என்று தெரிந்த எதிரணிக்காரர் அவரை விட்டுவிட்டுக் கூடைக்கு அடியில் போய் நிற்பார். லெப்ரான் பாய்ந்து வரும் வழி அங்கேயே அடைபடும். அடுத்த பருவத்தில், 2022 அக்டோபர் 20 அன்று கிளிப்பர்ஸுக்கு எதிராக வெஸ்ட்புரூக் 11 ஷாட் போட்டு ஒன்றும் விழவில்லை. ஆனால் அதே ஆட்டத்தில் 5 முறை பந்தைப் பறித்தார். உழைப்பில் குறையில்லை, நிற்கவைத்த இடம்தான் தவறு.

இடம் மாறியபோது
அடுத்த வாரமே பயிற்சியாளர் டார்வின் ஹாம் அவரை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார். லெப்ரான் ஓய்வெடுக்கும் நேரத்தில் பந்து இவர் கைக்கு வந்தது. 36 நிமிடக் கணக்கில் அசிஸ்ட் 7.5-இலிருந்து 9.4 ஆக உயர்ந்தது. ஷாட் விழும் விகிதம் 44.4%-இலிருந்து 41.7% ஆகக் குறைந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பருவத்தில் சம்பளம் 4.71 கோடி டாலர். அந்த விலைக்கு மாற்று ஆட்டக்காரரை எந்த அணியாலும் தாங்க முடியாது. 2023 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அவரை அனுப்பிவிட்டது.

புது விலை
2023-24-இல் கிளிப்பர்ஸில் சம்பளம் 38 லட்சம் டாலர். 68 ஆட்டம், ஆட்டத்துக்கு 22.5 நிமிடம், 11.1 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 5,000 டாலர், அதாவது பழைய விலையில் ஆறில் ஒரு பங்கு.

தடுமாறும் கார்டை எடைபோடும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்: இவருக்கு என்ன வேலை, அந்த வேலைக்கு என்ன விலை? வெஸ்ட்புரூக்குக்கு வேலை எப்போதும் இருந்தது. யார் பக்கத்தில் ஆடப்போகிறார், என்ன விலைக்கு என்று பார்க்காமல் வாங்கியது நிர்வாகம். 49 தோல்வியின் பெரும்பங்கு அந்த முடிவின் கணக்கில்தான் சேர வேண்டும்.