ஒரு குளியல் அறை, ஆறு பேர்!

காலை மணி ஏழு.

குளியல் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. வெளியே வரிசை.

தோளில் துண்டுடன் அப்பா நிற்கிறார். 8 மணிக்கு அவருக்கு பஸ். பல் துலக்கும் பிரஷ்ஷுடன் மகள் நிற்கிறாள். அவளுக்குக் கல்லூரி. சின்னப் பையன் காலை மாற்றி மாற்றி வைத்துத் தவிக்கிறான். அவனுடைய அவசரம் வேறு!

"அண்ணே, சீக்கிரம் வா!"

"இப்பத்தானே வந்தேன்!" என்று உள்ளே இருந்து பதில் வருகிறது.

ஓர் ஓரமாகச் சுவரைப் பிடித்தபடி பாட்டி நிற்கிறார். "நீங்க எல்லாரும் போங்க. நான் அப்புறம் போறேன்" என்கிறார். கடைசியில் அவர் உள்ளே போகும்போது தரை முழுவதும் சோப்பு நீர்!

பல வீடுகளில் அன்றாடம் நடக்கும் காட்சி இது.

மிச்ச மூலை

வீடு கட்டுகிறவர்கள் கூடத்துக்கு இடம் ஒதுக்குகிறார்கள். படுக்கை அறைக்கு ஒதுக்குகிறார்கள். சமையல் அறைக்கும் பூஜைக்கும் ஒதுக்குகிறார்கள். கடைசியாக எந்த மூலை மிச்சமோ, அதைக் குளியல் அறைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் கூடத்துக்கு வராதவர்கள் வீட்டில் இருக்கலாம். குளியல் அறைக்குப் போகாதவர் யாரும் இல்லை. முதியவர்கள் வழுக்கி விழும் ஆபத்தும் அங்கே உண்டு. ஆகவே, அந்த அறையைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும்.

கணக்குப் பாருங்கள்

வீட்டில் ஆறு பேர். ஒருவருக்குக் கழிப்பறையில் 5 நிமிடம். பல் துலக்க, தலை சீவ, முகம் மழிக்க 5 நிமிடம். குளிக்க 10 நிமிடம். ஆக மொத்தம் 20 நிமிடம்.

மூன்றும் ஒரே அறையில் என்றால், ஆறு பேருக்கும் 120 நிமிடம். அதாவது இரண்டு மணி நேரம்!

இப்போது அதையே பிரித்து வையுங்கள். கழிப்பறைக்குத் தனிக் கதவு. குளியல் அறைக்குத் தனிக் கதவு. முகம் கழுவும் தொட்டியும் கண்ணாடியும் வெளியே நடையில்.

ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பல் துலக்குவார். மூன்றாமவர் கழிப்பறையில் இருப்பார். முதல் ஆள் 20 நிமிடத்தில் வெளியே வருவார். பிறகு 10 நிமிடத்துக்கு ஒருவராக வந்துகொண்டே இருப்பார்கள். 70 நிமிடத்தில் ஆறு பேரும் தயார்! மிச்சம் 50 நிமிடம்.

இதற்குப் பெரிய இடம் வேண்டுமா? வேண்டாம். 9 அடி நீளம், 4 அடி அகலம் போதும். குறுக்கே ஒரு நாலரை அங்குலச் சுவர். ஒரு பக்கம் மூன்றரை அடியில் கழிப்பறை. மறுபக்கம் 5 அடியில் குளியல் அறை. கூடுதல் செலவு ஒரு சுவரும் ஒரு கதவும்தான்.

வழுக்கும் தரை

கடையில் பளபளக்கும் ஓட்டைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அந்தப் பளபளப்பில் தண்ணீர் பட்டால் கால் நிற்காது. குளியல் அறைத் தரைக்குச் சொரசொரப்பான ஓடுதான் நல்லது. பளபளப்பு சுவரோடு இருக்கட்டும்.

தரையில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் சரிவு வைக்கச் சொல்லுங்கள். சரிவு நீர் போகும் துவாரத்தை நோக்கி இருக்க வேண்டும். கதவை நோக்கி அல்ல!

அந்தத் துவாரத்தின் அடியில் கொத்தனார்கள் "நஹானி டிராப்" என்று சொல்லும் கிண்ணம் இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றத்தையும் பூச்சிகளையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீட்டைப் பூட்டிவிட்டுச் சில வாரம் ஊருக்குப் போய் வந்தால் நாற்றம் வருகிறது அல்லவா? கிண்ணத்துத் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றம் நின்றுவிடும்.

மாடியில் குளியல் அறை கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். ஓடு பதிக்கும் முன்பு துவாரத்தை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவையுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம். ஓடு பதித்த பிறகு தெரிந்தால், எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

பாட்டிக்கு ஒரு கம்பி

வயதானவர்களுக்கு எலும்பு பலம் குறைந்திருக்கும். ஒரு முறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பலர் பழையபடி நடப்பதே இல்லை.

ஆகவே, சுவரில் கைப்பிடிக் கம்பி வையுங்கள். தரையில் இருந்து சுமார் 3 அடி உயரத்தில் இருக்கட்டும். அது துண்டு போடும் கம்பி அல்ல. துண்டுக் கம்பியைப் பிடித்தால், கம்பியோடு சேர்ந்து ஆளும் விழுவார்! சுவரில் ஆழமாகப் போல்ட் அடித்துப் பொருத்திய கம்பிதான் ஆளின் எடையைத் தாங்கும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவு என்றால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் அவசரத்தில் வெளியே இருந்து திறக்கக் கூடியதாக இருக்கட்டும்.

உட்கார்ந்து குளிக்க ஓர் உறுதியான முக்காலி. இரவில் எரிய ஒரு சிறு விளக்கு. இவ்வளவுதான் பாட்டிக்குத் தேவை.

வெந்நீரும் மின்சாரமும்

60 டிகிரி சூடான நீர், சில விநாடிகளில் தோலை வேக வைத்துவிடும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. வாளியில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர். இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஈரக் கையும் மின்சாரமும் சேரக் கூடாது. ஆகவே சுவிட்சுகள் குளியல் அறைக்கு வெளியே இருக்கட்டும். மின் கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் "ஆர்.சி.சி.பி." கருவியை வீட்டில் பொருத்துங்கள்.

கியாஸில் எரியும் கீசரைக் காற்றோட்டம் இல்லாத குளியல் அறைக்குள் வைக்கவே கூடாது. அதில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று வரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே இருப்பவர் தெரியாமலே மயங்கி உயிரிழக்க நேரிடும்.

கட்டிய வீடு என்றால்?

"எங்கள் வீடு பழைய வீடு. இடிக்க முடியாதே!" என்று சிலர் கேட்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே கவலை உண்டு.

இடிக்க வேண்டாம். முகம் கழுவும் தொட்டியையும் கண்ணாடியையும் மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். அதிலேயே ஆறு பேருக்கு அரை மணி நேரம் மிச்சம். தரைக்குச் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள்.

இன்னொரு மாற்றத்துக்குப் பணமே வேண்டாம். காலையில் தரை காய்ந்திருக்கும்போது பாட்டியை முதலில் போகச் சொல்லுங்கள்.

"அப்புறம் போறேன்" என்று அவர் சொல்வார். விடாதீர்கள்!